அந்த அலறலை எடுத்துவிடு

படம் முடிந்து எடிட்டிங் அறையில் விளக்கைப் போட்டதும் என் மருமகன் முதலில் என் முகத்தைத்தான் பார்த்தான். அண்ணன் பிள்ளை. நான் ஒரு காலத்தில் பின்னணிக் குரல் கொடுத்த பேய்ப்படத்தையே மறுபடியும் எடுத்து வைத்திருக்கிறான்.

"எப்படி அத்தை? பழசை விட நல்லா இருக்கா?"

"கசாப்புக் கடையில உட்கார்ந்துட்டு வந்த மாதிரி இருக்கு. ரத்தம், குடல், மறுபடி ரத்தம். தரையைத் துடைக்கவே தனியா ஆள் போட்டிருப்பியே!"

எடிட்டர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பழைய படத்தில் அந்தக் கொலையை யாரும் பார்க்கவே மாட்டார்கள். கதவு சாத்தும், தாழ்ப்பாள் விழும், உள்ளே ஓர் அலறல். அவ்வளவுதான். பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் கதவைச் சாத்தவே பயந்தார்கள். இந்த மகானுபாவன் கேமராவை உள்ளே கொண்டுபோய், ரம்பம் எலும்பில் இறங்குவது வரைக்கும் காட்டியிருக்கிறான். அதுகூடத் தொலையட்டும். அதன் மேல் என் பழைய அலறலை எடுத்து அப்படியே ஒட்டியிருக்கிறான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அந்த அலறலை எடுத்துடு. மத்ததெல்லாம் உன் இஷ்டம்."

"விளையாடறீங்களா அத்தை? படத்துக்கு உயிரே அதுதான். எத்தனையோ பேரைக் கத்தவிட்டுப் பார்த்தோம், ஒண்ணும் கிட்ட வரல. என் ரிங்டோனே அதுதான், பாருங்க!"

போனை நீட்டி அமுக்கினான். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

"உங்க குரலுக்கு நீங்களே பயப்படறீங்களே! நடிப்புன்னா இதுதான் நடிப்பு."

"வாயை மூடுடா! அது நடிப்பு இல்ல!"

இத்தனை காலம் அண்ணியிடம்கூட நான் சொல்லாததை அன்று கத்திச் சொன்னேன்.

அந்தப் பழைய படத்துக்குக் குரல் கொடுத்த அன்றைக்கு நான் ஒலிப்பதிவு அறைக்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்தக் காட்சி வரக் காத்திருந்தேன். மைக் திறந்திருந்தது. பதிவு ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளருக்குப் போன் வந்தது. உள்ளே இருப்பவரிடம் பேச வேண்டுமென்றால் ஒரு பொத்தானை அழுத்தி, அவர் காதுக்குள் பேசுவதுதான் எங்கள் தொழிலில் வழக்கம். அந்த மனுஷன் எழுந்து வந்து கதவைத் திறந்து என் கையைப் பிடித்துச் சொல்லியிருக்க வேண்டும். பதற்றத்தில், கைப்பழக்கத்தில், பொத்தானை அழுத்திவிட்டார்.

"அம்மா, உங்க அண்ணன் ஷூட்டிங்ல லைட் கட்டும்போது மேலேர்ந்து விழுந்துட்டாராம். போயிட்டாராம்."

திரையில் கதவு சாத்திக்கொண்டிருந்தது.

காரியமெல்லாம் முடிந்து திரும்பியபோது, "அதையே வச்சுட்டேன்மா, இதுக்கு மேல யாராலயும் கத்த முடியாது" என்றார் அந்தப் படத்தின் இயக்குநர். சண்டை போட்டேன். பிரிண்ட் தியேட்டர்களுக்குப் போய்விட்டது என்று கையை விரித்துவிட்டார். அந்தப் படம் எங்கே ஓடினாலும் எழுந்து வெளியே போய்விடுவேன்.

"அப்ப நீ தொட்டில்ல கிடந்தே," என்றேன். "அன்னைக்கு நான் கத்தினதைத்தான் நீ ரம்பத்துக்குப் பின்னாடி போட்டிருக்கே. எவனோ ஒருத்தன் பாப்கார்னைக் கொறிச்சுக்கிட்டே கேட்டுக் கைதட்டணும். அதுதானே உனக்கு வேணும்?"

எடிட்டர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். மருமகனின் முகம் வெளுத்துவிட்டது.

"அது... அப்பாவுக்கா அத்தை?"

"ஆமாடா. உங்கப்பாவுக்கு."

அப்போது அவன் கையிலிருந்த போன் அலறியது. நான்தான் அலறினேன். திரையில் 'அம்மா' என்று வந்தது. அத்தைக்குப் படம் பிடித்ததா என்று கேட்கத்தான் கூப்பிட்டிருப்பார். அவனுக்கு எடுக்கவும் முடியவில்லை, அணைக்கவும் முடியவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அலறல் முழுசாக முடிந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

அண்ணி விடாமல் அடித்துக்கொண்டே இருந்தார்.