சீர்காழியில் இறங்காதவள்

காலை எட்டு மணிக்கு போன் மேப்பில் மகளின் படம் போட்ட அந்தச் சின்ன வட்டம் சென்னையில் இல்லை. துரைராசு போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். வட்டம் திண்டிவனத்தைத் தாண்டிக் கீழே வந்துகொண்டிருந்தது.

பிரகதீஸ்வரி வீட்டை விட்டுப் போய் ஒரு வருஷமாகிறது. கூட வேலை பார்த்த அருள்பிரகாஷைப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் நாகப்பட்டினத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அன்றைக்கே துரைராசு அவள் எண்ணை பிளாக் செய்தார், மனைவி ஞானாம்பாளின் போனிலும் செய்தார். "இந்த வீட்டுல அவ பேரு கேக்கக் கூடாது" என்றார். ஆனால் கல்லூரி நாளில், பஸ் எங்கே வருகிறது என்று அப்பா தெரிந்துகொள்ள, அவளே மேப்பில் தன் இருப்பிடத்தைப் பகிர்ந்து வைத்திருந்தாள். அது அப்படியே இருந்தது. மோட்டார் கொட்டகையில் தனியாக இருக்கும்போதெல்லாம் அவர் அதைத் திறந்து பார்ப்பார். தாம்பரத்தில் ஒரு தெரு, வேளச்சேரியில் ஒரு ஆபீஸ். வேறெங்கும் அந்த வட்டம் போனதில்லை.

இன்றைக்குப் போகிறது.

சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. நாற்றுக்கட்டை வரப்பில் போட்டுவிட்டுப் போனை எடுத்தார். கடலூர். மறுபடி உள்ளே வைத்தார். மடையில் தண்ணீர் சரியாகத்தான் ஓடியது, இருந்தும் போய் மண்வெட்டியால் இரண்டு வெட்டு வெட்டினார். சிதம்பரம்.

"என்னங்க, இன்னிக்கி போனும் கையுமா இருக்கீங்க?" என்று நட்டுக்கொண்டிருந்த பூவம்மாள் நிமிராமலே கேட்டாள்.

"மழை எப்ப வருதுன்னு பாக்குறேன்."

வீட்டுக்குத்தான் வருகிறாள். வேறு எதற்கு இந்தப் பக்கம் வரப்போகிறாள்? வந்தால் என்ன சொல்வது? கதவைச் சாத்துவதா? வண்டியை எடுத்தார். யூரியா வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு சீர்காழி பஸ் ஸ்டாண்டுக்குப் போய், ஒரு பழக்கடையின் பின்னால் நின்றார். மழை பிடித்துக்கொண்டது. பன்னிரண்டரைக்கு நாகப்பட்டினம் பஸ் உள்ளே நுழைந்தது. மேப்பில் வட்டமும் அதே இடத்துக்கு வந்து நின்றது. ஜன்னல் ஷட்டர்களையெல்லாம் இறக்கியிருந்தார்கள். ஐந்தாறு பேர் இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை.

கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் கிளம்பிவிட்டது.

துரைராசுவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஊரைத் தொட்டுவிட்டுப் போகிறாளே. திரும்பிப் போய் நடவைப் பார்க்கலாம் என்று வண்டியை உதைத்தவர், போகாமல் அங்கேயே நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வட்டம் ஆக்கூருக்குக் கொஞ்சம் முன்னால் போய் நின்றது. கால் மணி நேரம் ஆயிற்று. அரை மணி நேரம் ஆயிற்று. நகரவில்லை. சுற்றிலும் வயல்தான், ஊர் எதுவும் காட்டவில்லை. பஸ் கவிழ்ந்துவிட்டதோ? போன் மட்டும் எங்காவது விழுந்து கிடக்கிறதோ? பிளாக்கை எடுத்துவிட்டுக் கூப்பிட்டார். தொடர்பு கிடைக்கவில்லை.

அந்த மழையில் எப்படி ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது. ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் விழுந்து கிடந்தது. இந்தப் பக்கம் வரிசையாக வண்டிகள், முதலில் அந்த பஸ். எதிரே டீக்கடையின் தகரக் கூரைக்கு அடியில் பெஞ்சில் பிரகதீஸ்வரி உட்கார்ந்திருந்தாள். நல்லபடியாக இருந்தாள். வயிறு பெரிதாக இருந்தது.

சொட்டச் சொட்ட அவள் முன்னால் போய் நின்றார். "பஸ்ஸு ரொம்ப நேரமா நகரலயேன்னு…"

"உக்காருங்கப்பா."

"நான் பாக்குறது ஒனக்குத் தெரியுமா?"

"பாப்பீங்கன்னு நெனச்சேன். உங்க இடத்த இன்னாரோட பகிர்றீங்கன்னு அப்பப்ப மெயில் வரும். நான் நிறுத்தல."

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"எத்தன தடவ பண்ணேன்! எடுத்தாத்தானே?"

அவர் கீழே பார்த்தார். "எத்தன மாசம்?"

"ஏழு முடியப் போவுது. அவருக்கு லீவு கெடைக்கல. பிரசவத்துக்கு நாகப்பட்டினத்துல மாமியார் வீட்டுக்குப் போறேன்."

தலைப் பிரசவம். அதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. "நம்ம வீட்டுக்கு வாம்மா. கார் சொல்றேன், இப்பவே போயிடலாம்."

அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். கண் கலங்கியிருந்தாலும் குரல் திடமாக இருந்தது. "இன்னிக்கி வரலப்பா. அத்தை சமைச்சு வச்சிட்டுக் காத்துக்கிட்டிருக்காங்க. ஒரு வருசமா தாம்பரத்துக்கு வந்து வந்து என்னப் பாத்துக்கிட்டது அவங்கதான். நீங்களும் அம்மாவும் அங்க வாங்க. அவங்ககிட்ட முறையா ஒரு வார்த்த கேளுங்க. அப்புறமா வர்றேன்."

ரம்பத்தால் மரத்தை அறுத்து ஒதுக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆனது. அவளுக்கு வடை வாங்கிக் கொடுத்தார். பஸ் கிளம்பும்போது பையைத் தூக்கிப் போய் சீட்டுக்கு அடியில் வைத்தார். "கம்பியப் புடிச்சுக்கம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

வீட்டுக்கு வந்து ஞானாம்பாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அழுவாள், சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தார். அவள் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப இந்த ஒரு வருசமும் அவ எங்க இருக்கான்னு நீங்க பாத்துக்கிட்டே இருந்திருக்கீங்க."

அவர் ஈரத் துண்டை உதறிக் கொடியில் போட்டார்.

"நான் அவ இருக்காளா செத்தாளான்னு தெரியாம கெடந்தேன். பேரச் சொல்லக் கூடாதுன்னீங்களேன்னு வாயப் பொத்திக்கிட்டு அழுதேன். பக்கத்துலயேதானே இருந்தீங்க? நல்லாருக்காடின்னு ஒரு வார்த்த சொன்னீங்களா?"

"ஞானம்…"

"போனக் குடுங்க."

வாங்கிக்கொண்டு போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். வட்டம் காரைக்காலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அது நாகப்பட்டினத்தில் ஒரு தெருவுக்குள் போய் நிற்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை நடவைப் பாதியில் விட்டுவிட்டு இருவரும் பஸ் ஏறினார்கள். மடியில் பூவும் பழமும் புதுப் புடவையும் வைத்த பை. தரங்கம்பாடி தாண்டிய பிறகுதான் ஞானாம்பாள் வாயைத் திறந்தாள்.

"அந்த அம்மா பேரு என்ன?"

"கேக்கலியே" என்றார் துரைராசு.

"அதையும் கேக்கல" என்று சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.