யீ நாளுக்கு முப்பது பேர்

யூனுக்குப் படிக்கத் தெரியாது. இரண்டே இரண்டு எழுத்தை மட்டும் பார்த்தால் அடையாளம் தெரியும். ஒன்று, தலையில் ஆட்டுக்கொம்பு முளைத்த ஆள். அது அவனுடைய சனம், மேற்கு மலையில் ஆடு மேய்க்கிறவர்கள்; அரண்மனையில் 'கொம்பன்' என்பார்கள். இன்னொன்று, நிற்கிற ஆளின் கழுத்துக்குக் குறுக்கே ஒரு கோடரி. இந்த இரண்டையும் ஓர் ஆமையோட்டில் அடுத்தடுத்துச் செதுக்கினார்கள் என்றால், பொழுது சாய்வதற்குள் குழியில் தலைகள் விழும். முப்பது வருஷமாகப் பார்க்கிறான். எழுதுகிறவன் சாப்பிடுவான், எழுதப்பட்டவன் சாவான், இதில் படிக்க என்ன இருக்கிறது என்பது அவன் கட்சி.

அரண்மனைக்குப் பின்னால் எலும்புப் பட்டறை. சின்ன வயதில் கயிற்றில் கட்டி இழுத்து வரப்பட்டவன், கைவேலை சுத்தமாக இருந்ததால் அங்கே பிழைத்துக்கொண்டான். ஆமையின் வயிற்றோட்டை அறுத்து, தேய்த்து, பின்பக்கம் குழி தோண்டிக் கொடுப்பது வேலை. ராஜா கேள்வி கேட்பார். குறிகாரன் சுவே கனல்கட்டையைக் குழியில் அழுத்துவான். பொக்கென்று சத்தம் கேட்டு முன்பக்கம் விரிசல் ஓடும். விரிசலின் கிளை மேலே ஏறினால் ராஜாவின் செத்துப்போன தாத்தாமாருக்குச் சம்மதம். கீழே தொங்கினால் இல்லை. பிறகு சுவே உளியை எடுத்துக் கேள்வியை விரிசலுக்குப் பக்கத்தில் செதுக்கி வைப்பான்.

விரிசல் எங்கே ஓட வேண்டும் என்று சொல்வது தாத்தா இல்லை, குழியின் சுவர். அது யூனுக்குத் தெரியும். கீழோரத்தை ஒரு மயிரளவு கூடுதலாகச் சுரண்டிவிட்டால் எந்தத் தாத்தாவும் மாட்டேன் என்பார். தெரிந்தும் அவன் ஒருநாளும் செய்ததில்லை. யாருக்காகச் செய்ய?

அந்த இலையுதிர் காலத்தில் மேற்கு மலையிலிருந்து நாற்பது பேரை ஓட்டி வந்து மண்சுவர்த் தொட்டியில் அடைத்தார்கள். தண்ணீர் ஊற்றப் போன யூனை, மலைப் பேச்சில் ஒருத்தன் திட்டினான்.

"ஊத்துற மூஞ்சியைப் பாரு, கிழட்டு ஓநாய்."

"எந்த ஊருடா நீ?"

"தெரிஞ்சு என்ன பண்ணப் போற? விருந்துக்கு வரப் போறியா?"

"கேட்டதுக்குச் சொல்லு."

"மூணுகல் ஓடை. எங்கம்மா பேரு சின். போதுமா, எங்க ஆடுங்க பேரும் வேணுமா?"

யூன் ஊற்றுவதை நிறுத்தினான். சின் அவன் தங்கை. ஆனால் யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் சொல்லலாம். "உங்கம்மாவுக்கு எந்தக் காது அரைக்காது?" என்று கேட்டான்.

"இடது காது. நாய் கடிச்சது. அவ அண்ணன் வளத்த நாயாம். உதவாக்கரை அண்ணன், உதவாக்கரை நாயின்னு பொழுதுக்கும் சொல்லுவா."

"நான்தான்டா அந்த உதவாக்கரை."

"நீ செத்துட்டேன்னாங்களே, மாமா."

"செத்த மாதிரிதான். உம் பேரென்ன?"

"கெங். எங்களை எப்ப வெட்டுவானுங்க?"

"இன்னும் நாலு நாள். யீ நாள்ல. பத்து நாளைக்குப் பத்துச் சூரியன், ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு வெச்சிருக்கானுங்க. ராஜாவோட செத்த தாத்தா யீக்கு யீ நாள்ல மட்டும்தான் படையல். மத்த நாள்ல அந்தாளு வாயே தொறக்கமாட்டான்."

"அப்ப பட்டினி கெடக்கச் சொல்லு."

காவல்காரன் பேச்சைக் கேட்டுவிட்டான். மொழி புரியாவிட்டாலும் சிரிப்புப் புரிந்திருக்கும். ஈட்டியின் அடிக்கட்டையால் கெங்கின் வாயில் இடித்தான். இரண்டு பல் தண்ணீர்ச் சட்டிக்குள் விழுந்தன. யூன் சட்டியைக் கவிழ்த்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தான். உறவு என்று தெரிந்தால் இருவரையும் சேர்த்துக் கட்டுவார்கள்.

யீ நாளுக்கான ஓடு அவன் கையில்தான் இருந்தது. ஐந்து குழி. கேள்வி முப்பது பேரில் தொடங்கும் என்று பட்டறையில் பேசிக்கொண்டார்கள். தாத்தா வேண்டாம் என்றால் இருபது கேட்பார்கள், பிறகு பத்து, ஐந்து, கடைசியில் வெறும் மாடு. முப்பது வருஷமாகப் பேரம் இறங்கித்தான் பார்த்திருக்கிறான். முதல் நாலு குழியின் கீழோரத்தைச் சுரண்டினான். ஐந்தாவதன் மேலோரத்தைச் சுரண்டினான். சுவே வந்து, குழிப்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் வாங்கிப் போய், முந்தின நாளே நாய் ரத்தம் பூசி வைத்தான். ரத்தம் பூசி ஓர் இரவு வைக்காத ஓட்டைத் தாத்தா யீ தொடமாட்டார்.

யீ நாள் விடிந்தது. ராஜாவுக்குப் பல்வலி. ஒரு பக்கக் கன்னம் வீங்கிக் கண்ணை மூடியிருந்தது. அரண்மனைப் படிக்கட்டில் ஓட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது யூன்தான். சுவே ராஜாவின் கேள்வியை உரக்கச் சொல்லிக் கனல்கட்டையை அழுத்தினான்.

"தாத்தா யீக்கு முப்பது கொம்பனுங்க. சம்மதமா?"

பொக். கிளை கீழே தொங்கியது.

சுவே இருபது என்று வாயெடுப்பதற்குள் ராஜா கையைத் தூக்கினார். வாயைத் திறக்க முடியாமல் கன்னத்தைப் பிடித்தபடி பேசினார். "கோவத்துல இருக்காரு. பல்லைப் புடுங்குறது அவருதான். முப்பது அவருக்குப் போதலை. நாப்பதுன்னு கேளு."

இத்தனை வருஷத்தில் பேரம் ஏறி யூன் பார்த்ததில்லை. பொக். கீழே.

"நாப்பதும், முப்பது மாடும்."

கீழே.

"அதோட பட்டறையில இருக்கிற பழைய கொம்பனுங்களும்."

கீழே. ராஜா நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டார். "இன்னும் போதலையா உனக்கு? சரி. கீழத்தெருவுல இருக்கிற மேற்கத்தியான் அத்தனை பேரும். பொம்பளை, புள்ளை, எல்லாம். கேளுடா."

மிச்சமிருந்தது ஐந்தாவது குழி. அதன் சம்மதத்தை யூன் தன் கையால் எழுதி வைத்திருந்தான். சுவே கனல்கட்டையை ஊதிச் சிவக்க வைத்து நெருங்கினான். சூடு பட்டவன் போல யூன் கையை உதறினான். ஓடு கல்படியில் விழுந்து நாலாகச் சிதறியது.

வேறு ஓட்டுக்கு ரத்தம் பூசவில்லை. பூசி வைத்தாலும் நாளைக்கு வேறு சூரியன், வேறு தாத்தா. தாத்தாவைக் கேட்காமல் ராஜா ஒரு கோழியைக்கூட அறுக்கமாட்டார், அந்த ஒழுக்கம் அவரிடம் உண்டு. அடுத்த யீ நாள் வரப் பத்து நாள்.

காவல்காரர்கள் யூனைப் படியிலிருந்து இழுத்துப் போட்டு மிதித்தார்கள். விலா எலும்பு இரண்டு முறிந்தது. "கை வேணும்," என்றார் ராஜா. "ஓட்டுல குழி தோண்ட வேற ஆளில்லை. காலை எடுங்க."

பட்டறையில் வைத்தே எடுத்தார்கள். நாலு பேர் அமுக்கிக்கொள்ள, அவனோடு பத்து வருஷம் வேலை செய்தவன் வலது கணுக்காலுக்கு மேல் ரம்பத்தை வைத்தான். ஆமையோடு அறுக்கிற ரம்பம். பாதி எலும்பில் பல் சிக்கிக்கொண்டது. அவன் அழுதுகொண்டே பிடுங்கி மறுபடி வைத்தான். எலும்பு அறுபடும் சத்தம் யூனுக்குப் பழக்கம். தன் எலும்பு மட்டும் வேறு மாதிரிக் கத்துவதில்லை என்று தெரிந்துகொண்டான். அறுந்த முனையில் கனல்கட்டையை வைத்துத் தீய்த்தார்கள். அப்போதுதான் நினைவு போனது.

மூன்றாம் நாள் சுவே தனியாக வந்தான். துணி மூட்டையை அவிழ்த்து உடைந்த ஓட்டுத்துண்டுகளைத் தரையில் வைத்தான்.

"ஏ கிழவா. நாலு குழியும் ஒரே பக்கம் சரிஞ்சிருக்கு. அஞ்சாவது எதிர்ப்பக்கம்."

"ராஜாகிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, ஐயா."

சுவே கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"குழியைப் பார்த்து வாங்குறது உங்க வேலை. பார்க்காம வாங்கிட்டுப் போனீங்க. இத்தனை வருஷமா எத்தனை ஓடு அப்படி வாங்கினீங்கன்னு அவரு கேப்பாரு. என் தலை போனா பக்கத்துலயே உங்க தலையும் உக்காரும்."

"காலு போயும் திமிரு போகலை உனக்கு."

"திமிரு கால்லயா இருக்கு?"

சுவே துண்டுகளைக் காலால் கிளறினான். "என்ன வேணும், சொல்லித் தொலை."

"ஒரு ஆளு. தொட்டியில வாய் ஒடஞ்சு ஒருத்தன் கெடக்கான். என்னால நின்னு அறுக்க முடியாது, ரம்பம் இழுக்க ஆளு வேணும்னு சொல்லுங்க."

"எண்ணிக்கை கொறையுமே."

"எண்ணிக்கை எங்க எழுதியிருக்கு? இன்னும் ஓட்டுல ஒண்ணும் செதுக்கலையே. முப்பதுன்னுதான் திரும்பத் தொடங்குவீங்க. அங்க நாப்பது இருக்கு."

"அடுத்த ஓட்டுல குழி?"

"மேல்பக்கம் சரிஞ்சிருக்கும். முதல் கேள்வியே ஏறும். முப்பதைத் தாண்டாது."

சொல்லும்போது யூன் சுவேயின் முகத்தைப் பார்க்கவில்லை. சுவே துண்டுகளை அடுப்பில் போட்டு, சாம்பலாகும்வரை நின்றுவிட்டுப் போனான். இருவரும் ஒருவரையொருவர் நம்பவில்லை. அதனால்தான் பேச்சு நிலைத்தது.

கெங் வந்தான். முதல் இரண்டு நாள் மாமனின் அறுந்த காலைக் கழுவிவிட்டான், மூன்றாம் நாள் ரம்பம் பிடிக்கக் கற்றுக்கொண்டான். எப்படி வெளியே வந்தோம் என்று கேட்டான். கால் போனதால் ஆள் கேட்டேன் என்றான் யூன். அது பொய்யில்லை.

மறுபடி யீ நாள். வலித்த பல் ஏற்கெனவே தானாக விழுந்திருந்தது, ராஜா சாந்தமாக இருந்தார். முதல் குழியிலேயே கிளை மேலே ஏறியது. சுவே கொம்பு வைத்த ஆளையும் கழுத்துக்குக் குறுக்கே கோடரியையும் செதுக்கினான்.

பட்டறைக்கும் பலிக்குழிக்கும் நடுவே ஒரு மண்சுவர்தான். ஆட்களைப் பத்துப்பத்தாக முட்டி போட வைப்பதும், வெண்கலக் கோடரி இறங்குவதும் அப்படியே கேட்டது. சில கழுத்துக்கு ஒரு வெட்டு போதவில்லை. சுவரின் அடியில் இருந்த நீர்த்தாரை வழியே ரத்தம் பட்டறைப் பக்கம் கசிந்து எலும்புத் தூளில் ஊறியது. கெங் ரம்பத்தைக் கீழே வைத்தான்.

"மாமா, அது ஷான் குரலு. என்னோட ஒரே கயித்துல வந்தவன்."

"அறு."

"அவன் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுறான்."

"கேக்குது. அறுடா."

"என் இடத்துலயா போறான் அவன்?"

யூன் கையிலிருந்த ஓட்டையே தேய்த்துக்கொண்டிருந்தான். கெங் எழுந்து வந்து ரம்பத்தின் பல்லை அவன் கழுத்தில் வைத்து அழுத்தினான். தோல் கிழிந்து ரத்தம் நெஞ்சில் இறங்கியது.

"ஆமான்னு சொல்லு, கிழவா. ஒரு தடவை சொல்லு."

"ஆமா," என்றான் யூன். "முப்பதுல ஒண்ணு எப்படியும் யாரோ ஒருத்தன். நீயா இருக்கக்கூடாதுன்னு நெனச்சேன். வெட்டுறதுன்னா வெட்டு. பாதியில சிக்கும், பிடுங்கித் திரும்ப வெய்யி."

சுவருக்கு அந்தப் பக்கம் கோடரி இறங்கியது. கூப்பிட்ட குரல் நின்றது. கெங் ரம்பத்தை எடுத்துத் தூர எறிந்துவிட்டுக் குப்புற விழுந்து வாந்தியெடுத்தான். பிறகு அங்கேயே கிடந்தபடி, மலைப் பேச்சில், ஒவ்வொரு வெட்டையும் எண்ணத் தொடங்கினான். யூன் அவனைத் தடுக்கவில்லை. முப்பதாவது ஆளோடு சத்தம் ஓய்ந்ததும் தவழ்ந்து போய், ரம்பத்தை எடுத்து, மருமகனுக்குப் பக்கத்தில் வைத்தான்.