மலைக்கிராமத்தின் இடது ஓரம்

ஆஸ்பத்திரிப் போர்வைகளைத் துவைத்தே வயதைக் கழித்துவிட்டு ஓய்வு பெற்ற அக்காவுக்கு மலைக்கிராமம் மட்டும்தான் வரையத் தெரியும். யாரிடமும் கற்றதில்லை. அவள் மலையில் ஆடு வீட்டைவிடப் பெரிதாக இருக்கும். எட்ட நிற்பவரும் கிட்ட நிற்பவரும் ஒரே உயரம். தனக்கு வேண்டியவர்களை எல்லாம் அந்த ஊரில் குடிவைத்துவிடுவாள். நேரில் ஒரு குன்றுகூட ஏறியதில்லை என்பது வேறு விஷயம்.

இந்த முறை நூலகக் கூடத்தில் கண்காட்சி. தங்கைக்கும் சொல்லி அனுப்பியிருந்தாள். அம்மாவின் கடைசி நாட்களில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று, சாவு வீட்டில் நாலு பேர் முன்னால், "இனி என் வாசப்படி மிதிக்காதே" என்று அவளைத் துரத்தியவள் அக்காதான். அப்போது தங்கையின் குழந்தை காய்ச்சலில் கிடந்தது பிறகுதான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. வறட்டுக் கௌரவம், வேறென்ன? அதனால் வரைந்தாள்.

படம் வரைந்த துணியை மரச்சட்டத்தில் இழுத்து ஆணி அடிக்கும்போது நாலு பக்கமும் மூன்று விரல் அகலம் மடிந்துபோகும். அதற்காக மற்றவர்கள் ஓரத்தை வெறுமையாக விடுவார்கள். இது தெரியாமல் அக்கா ஒரு நூல் இடம் விடாமல் வரைந்திருந்தாள். கூடத்தில் மாட்டிய பிறகுதான் பார்த்தாள். இடது ஓரத்தில் விறகுக்கட்டோடு நின்ற தங்கையைக் காணோம். கழற்றச் சொல்வதற்குள் தங்கையே வந்து நின்றாள்.

நிதானமாகப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"அம்மா இருக்காங்க. அண்ணன் இருக்கான். பழைய வீட்டு நாய்க்குக்கூட இடம் இருக்குக்கா." குரலில் கோபம்கூட இல்லை. அக்காவுக்கு அதுதான் தாங்கவில்லை. "சரி, நான் கிளம்பறேன்."

"நில்லுடி." அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்துச் சுவரோரமாக நிறுத்தினாள். "இங்கேருந்து பாரு."

சட்டத்தின் பக்கவாட்டில், மடிந்த துணியில், விறகும் முகமும் முன்வைத்த ஒரு காலும் தெரிந்தன. தோளில் ஓர் ஆணி ஏறியிருந்தது.

தங்கை அந்த ஆணியை விரலால் தொட்டாள். பிறகு கேட்டாள்: "இங்க நின்னு நான் என்ன பண்றேன்?"

"அன்னைக்கு நான் பேசினது தப்புடி," என்றாள் அக்கா. "நீ வீட்டுக்கு வந்துட்டிருக்கே."

கூட்டம் வந்து முன்பக்கமாகப் பார்த்துப் போனது. தங்கை மட்டும் சுவரோரமாகவே நின்றாள்.