அரிசிக்கு நீண்ட கைகள்

சுமனின் உடலுக்கு அரிசி போடத் தொடங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்ததா, விட்டிருந்ததா என்று எனக்கு இப்போது நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் அந்தச் சந்தில், சுமன் வீட்டாருக்கு எதிர்வீட்டில் அப்போது குடியிருந்தேன். டென்ட் துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது நினைவிருக்கிறது. அது அன்றைய மழையா, முதல்நாள் தேங்கியதா தெரியாது. மீதியை சுமனின் அண்ணி ஜீவராணி பிறகு சொன்னாள். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் இடையே தேநீர் ஆறிப்போகும் அளவுக்கு இடைவெளி விட்டுத்தான் சொன்னாள். சில இடங்கள் முன்னுக்குப் பின் மாறின. அரிசிக் கிண்ணம் தன் கையில்தான் இருந்தது என்பதை மட்டும் அவள் ஒருபோதும் மாற்றவில்லை.

"மூத்தவன் வராம தொடங்க ஏலாது" என்று சடங்கை முன்னின்று நடத்திய இராமலெட்சுமி அத்தை மறுபடியும் சொன்னார். உடலை எடுத்துப்போக வந்திருந்த மலர்ச்சாலைக்காரர்கள் வாசலில் நின்று மணியைப் பார்த்தார்கள். பொரளைக் கனத்தைச் சுடலையில் குறித்த நேரம் தவறினால் அடுத்த உடல் உள்ளே போய்விடும் என்று அவர்களில் ஒருவர் சிங்களத்தில் சொன்னார். அத்தைக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். தெரியாதவர் போல உட்கார்ந்திருந்தார்.

ஜீவராணி தலைமாட்டில் நின்றாள். மூத்த மருமகள் அரிசி பிடிப்பது அந்த வீட்டு வழக்கம். சில்வர் கிண்ணம் கனக்கவில்லை, ஆனாலும் கையை மாற்றி மாற்றிப் பிடித்தாள். எதிரே சுவரோரம் சுமனின் மனைவி துஷ்யந்தி பாயில் சாய்ந்திருந்தாள். அவளைச் சுற்றிப் பெண்கள். ஒருத்தி பத்திரிகையால் விசிறினாள், ஒருத்தி நெற்றியில் கொலோன் தடவினாள், ஒருத்தி சோடாவைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள். தெருமுனை வரை கதிரைகள். பெயர் தெரியாதவர்கள்கூட வழி கேட்டு வந்திருந்தார்கள்.

தன் கணவன் றமேஷைப் பொலிஸ் கொண்டுபோன அன்று ஒருவரும் வரவில்லை என்று ஜீவராணி நினைத்தாள். செத்த வீட்டுக்கு வழி கேட்டு வருகிறார்கள். ஜெயில் வீட்டுக்கு வழி தெரிந்தவர்களும் வருவதில்லை. அந்த மாதங்களில் குழாயடியில் அவளைக் கண்டால் வாளியோடு திரும்பிப் போன பெண்தான் இப்போது துஷ்யந்திக்கு விசிறிக்கொண்டிருந்தாள். ஜீவராணிக்கு அந்த விசிறலைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கொழுந்தன் செத்துக் கிடக்கிறான், நான் இதையா நினைக்கிறேன் என்றும் நினைத்தாள். நினைப்பு நிற்கவில்லை.

அண்ணன் றமேஷும் தம்பி சுமனும் ஒரே வீட்டை நடுவில் பலகை அடித்து இரண்டாக்கிக்கொண்டு வாழ்ந்தவர்கள். றமேஷுக்கு வெள்ளவத்தையில், காலி வீதியில் ஒரு நகைக்கடையில் செக்கியூரிட்டி வேலை. கடைக்குச் சொந்தமான பழைய ஷொட்கன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும். அதன் விசைப் பூட்டு சரியாக விழுவதில்லை என்று முதலாளியிடம் சொல்லியிருந்தான். ஒரு மாலை, அடுத்த ஆளிடம் துப்பாக்கியைக் கைமாற்றும்போது அது வெடித்தது. பஸ்ஸுக்கு நின்ற ஒருவரின் காலில் குண்டுகள் பாய்ந்தன. றமேஷ்தான் அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். அந்த மனிதர் பிழைத்து, ஒரு கால் இழுத்தபடி இன்றும் நடக்கிறார். முதலாளி தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். பிணை கிடைக்காமல் றமேஷ் பல மாதம் ரிமாண்டில் கிடந்தான். "என் கையிலதான் வெடிச்சிச்சி" என்று அவனே ஒப்புக்கொண்ட பிறகு இரண்டு வருடம் போட்டார்கள்.

சுமன் முச்சக்கரவண்டி ஓட்டினான். மாதா மாதம் அண்ணியைச் சிறைக்குக் கூட்டிக்கொண்டு போவது அவன்தான். போன வாரமும் போய்வந்தார்கள். வீட்டு வாசலில் ஜீவராணியை இறக்கிவிட்டு, பெட்ரோல் அடித்துவிட்டு வருகிறேன் என்று போனான். சந்தியில் பொலிஸ் மறித்தது. வண்டிக்குள் எட்டிப் பார்க்கக் குனிந்த கான்ஸ்டபிளின் தோளிலிருந்து துப்பாக்கி வழுகியது. அவன் அதைப் பிடித்த பிடியில் அது வெடித்தது.

துஷ்யந்தியால் எழும்ப முடியவில்லை. உடலை அடையாளம் காட்டியதும் நீதிமன்றத்துக்குப் போனதும் ஜீவராணிதான். அங்கே, கவனயீனம் என்று மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். றமேஷுக்கும் அதே சொல்லைத்தான் சொன்னார்கள். கான்ஸ்டபிளுக்கு அன்றே பிணை. திணைக்கள விசாரணை, வேறு இடத்துக்கு மாற்றம் என்றார்கள். வெளியே நடைபாதையில் அவன் மனைவி சோற்றுப் பார்சலைப் பிரித்து, அவன் சாப்பிட மறுக்க, ஒரு வாய் ஊட்டினாள். கைக்குட்டையால் அவன் கழுத்தைத் துடைத்தாள். தூணுக்குப் பின்னால் நின்று ஜீவராணி அதைப் பார்த்தாள். சுட்டவன்மீது வந்திருக்க வேண்டிய கோபமெல்லாம் அந்தப் பெண்ணின் கைக்குட்டைமீது போனது. தன் கணவனின் கழுத்தைக் கம்பிவலைக்கு இந்தப் பக்கமிருந்து பார்க்கத்தான் முடியும். தொட்டு ஒரு வருடத்துக்கு மேல்.

சந்து முனையில் சத்தம் அடங்கியது. கதிரைகள் நகர்ந்தன. கைதிகளின் வெள்ளை ஜம்பர் உடுப்பில் றமேஷ் நடந்து வந்தான். வலது கை ஒரு சிறைக்காவலரின் இடது கையோடு விலங்கில் பூட்டியிருந்தது. பின்னால் இன்னும் இருவர். மூத்த காவலர் ஜீவராணியிடம் சிங்களத்தில் மெதுவாகத்தான் பேசினார். சடங்கு முடியும்வரை நிற்கலாம். ஆனால் கூட்டத்தில் சண்டை, கூச்சல் ஏதாவது கிளம்பினால் அந்த நிமிஷமே ஏற்றிக்கொண்டு போய்விடுவோம், எங்களைக் குறை சொல்லக் கூடாது, தங்கச்சி.

றமேஷ் தம்பியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வெளியாக்கள் முதல்ல வாங்க. ரத்தம் பிறகு. மூத்தவன் கடைசி" என்று அத்தை வரிசையை ஒழுங்கு செய்தார். வெறும் வயிற்றோடு போகிறவன், எத்தனை கை கிடைக்குமோ அத்தனை கையாலும் போட வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. ஸ்டாண்டில் சுமனோடு ஓடிய டிரைவர்கள் எல்லோரும் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார்கள், பாதிப்பேர் சிங்களப் பையன்கள். கூச்சப்பட்டு ஒதுங்கியவர்களை அத்தை முழங்கையைப் பிடித்து இழுத்து விட்டார். நிரோஷன் முன்னால் நின்றான். சுமனின் கூட்டாளி. அந்தப் பொலிஸ்காரன் எங்காவது கண்ணில் பட்டால் அவன் வீட்டுக்கு நடந்து போகமாட்டான் என்று முந்தின நாள் எங்கள் வாசலில் நின்று சொன்னவன். இப்போது அரிசியைப் போட்டுவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தலைமாட்டிலேயே நின்றுகொண்டான்.

"நீயும் ஸ்டாண்ட்தானே மகன், வா வா" என்று அத்தை இன்னொருவனை இழுத்துவிட்டது ஜீவராணிக்குக் கேட்டது.

நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டிய முடி. அவனுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சேலை கட்டிய பெண், அவன் முழங்கையைப் பிடித்தபடி. நீதிமன்ற நடைபாதையில் கைக்குட்டை பிடித்த அந்தக் கையை ஜீவராணி முகத்துக்கு முன்பே அடையாளம் கண்டுகொண்டாள்.

அவனும் அவளைக் கண்டுகொண்டான். பின்வாங்க இடமில்லை, பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். செத்த வீட்டுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம் என்று மனைவி கூட்டிவந்திருப்பாள். அரிசி போட இழுப்பார்கள் என்று அவர்களுக்கு யார் சொல்வது? அவன் இரண்டு கையையும் குவித்து நீட்டினான், விகாரையில் எதையோ வாங்கிக்கொள்பவன் போல.

இரண்டு கைகள். தனித்தனியான, வெறுமையான கைகள்.

அந்தப் பெண் ஜீவராணியின் பக்கம் சாய்ந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சிங்களத்தில் சொன்னாள்:

"எங்களுக்குத் தூக்கமே இல்லை அக்கா."

இதைச் சொன்னபோது ஜீவராணி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு, ‘எங்களுக்கு’ என்றாளே, அதுதான் என்றாள். ஒரே கட்டிலில் இரண்டு பேர் விழித்துக் கிடப்பதை அவள் அங்கேயே, பிணத்தின் தலைமாட்டிலேயே நினைத்துப் பார்த்தாளாம். ஒருவர் புரண்டால் மற்றவருக்குத் தெரியும். தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்கள். கத்த வேண்டும் போல இருந்தது. நிரோஷன் கையெட்டும் தூரத்தில் நின்றான். ஒரு சொல் போதும். அவன் யார் என்று கூடச் சொல்ல வேண்டாம், விரலை நீட்டினாலே போதும்.

வரிசையின் கடைசியில் றமேஷ் நின்றான். அவனுக்கு முன்னால் இன்னும் சொந்தக்காரர்கள் சிலர். காவலர்கள் சந்தின் வாசலைப் பார்த்தபடி நின்றார்கள்.

அவள் கிண்ணத்தைச் சாய்த்தாள்.

அவன் கை நடுங்கியதில் பாதி அரிசி சுமனின் சட்டைமேல் விழுந்தது. மீதி வாயில் விழுந்தது. கும்பிட்டுவிட்டு நகர்ந்தான். மனைவி முழங்கையை விடவேயில்லை. இருவரும் பந்தலைத் தாண்டி, யாரும் கேட்காமல், சந்தைத் தாண்டிப் போனார்கள்.

கடைசியாக றமேஷ். விலங்கைக் கழற்ற அனுமதி இல்லை என்று காவலர் தலையசைத்தார். ஆனால் தொப்பியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார், சப்பாத்தையும் வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் வந்திருந்தார். றமேஷ் அரிசியை அள்ளியபோது அவர் கையும் கிண்ணத்துக்குள் வந்தது. அவன் கை சுமனின் வாயருகே போனபோது அவர் கையும் போனது. அரிசி விழுந்த பிறகும் றமேஷ் கையை எடுக்கவில்லை. காவலரும் அப்படியே குனிந்து நின்றார். சங்கிலியின் நுனி சுமனின் கன்னத்தில் கிடந்தது.

நிமிரும்போது அவன் விரல்கள் ஜீவராணியின் மணிக்கட்டில் பட்டன. வேண்டுமென்றுதான் பட்டன. அங்கேயே கொஞ்சம் இருந்தன.

"முன்னுக்கு அழுவுற மாதிரி ஒருத்தன் போட்டான். கையி அப்பிடி நடுங்குது" என்றான். "யாரு அது?"

"ஸ்டாண்ட் ஆளு" என்றாள் அவள்.

"நல்ல பொடியன் போல" என்றான் றமேஷ்.

அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பிறகு சுமனைக் கொண்டுபோனார்கள். ஆண்கள் எல்லோரும் கனத்தைக்குப் போக, பெண்கள் தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவினார்கள். விசிறியவள், சோடா கொடுத்தவள் எல்லோரும் குளிக்கப் போய்விட்டார்கள். துஷ்யந்தி அதே சுவரோரம் இருந்தாள். ஜீவராணி விளக்குமாற்றால் அரிசியைக் கூட்டினாள்.

"அக்கா."

ஜீவராணி திரும்பவில்லை.

"போன்ல அவன்ட படம் வந்திச்சி. நான் பாத்து வச்சிருந்தேன்." துஷ்யந்தியின் குரலில் அழுகை இல்லை. "வந்த ஒடனேயே தெரிஞ்சிச்சி. எனக்குத்தான் சத்தம் வரல்ல. நீங்க கத்துவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

தண்ணீர் வாசல் வழியே ஓடிக்கொண்டிருந்தது.

"கத்தியிருந்தா அவரக் கொண்டு போயிருப்பாங்க" என்றாள் ஜீவராணி.

"ஆமா." துஷ்யந்தி சுவரைப் பிடித்து எழும்பிக்கொண்டே சொன்னாள்: "ஒங்க ஆளு வந்து போட்டுட்டாரு. என் ஆளு வாயில அவன் போட்ட அரிசி."

ஜீவராணி கூட்டிய அரிசியை முறத்தில் அள்ளினாள். எது யார் போட்டது என்று அதில் தெரியாது. பிறகு கிண்ணத்தைக் கழுவினாள். கழுவிய பிறகும் கழுவிக்கொண்டிருந்தாள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் துஷ்யந்தி கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

இனிச் சொல்ல அதிகமில்லை. கான்ஸ்டபிளின் வழக்கு தவணை தவணையாகப் போய், கடைசியில் அபராதத்தோடு முடிந்தது. அவன் வேறொரு ஊரில் வேலையில் இருக்கிறான். அவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பதாக நிரோஷன் எங்கேயோ கேள்விப்பட்டு வந்து சொன்னான். நிரோஷன் இப்போது கட்டாரில். துஷ்யந்தி தெஹிவளையில் தன் அக்காவோடு இருக்கிறாள், இந்தப் பக்கம் வருவதில்லை. இராமலெட்சுமி அத்தை அடுத்த வருடம் இறந்தார். அவருக்கு அரிசி போட்டபோது கிண்ணத்தை வேறு ஒருத்தி பிடித்தாள். நகைக்கடை வாசலில் புது ஆள் நிற்கிறான், புதுத் துப்பாக்கியோடு.

றமேஷ் தண்டனை முடிந்து வந்தான். செக்கியூரிட்டி வேலை யாரும் தருவதில்லை, மரக்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறான். அரிசி விஷயத்தை யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். அவன் ஜீவராணியிடம் ஒன்றும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வீட்டின் மற்றப் பாதி பூட்டிக் கிடக்கிறது.

இரண்டு பேருக்கும் தூக்கம் வருவதில்லை.