நாலே காலுக்குப் பாலம் திறக்கும்

அவன் அக்காவைக் கையில் ஏந்தித் தன் இழுவை வண்டியின் கேபினுக்குள் உட்கார வைத்துவிட்டு, வீல்சேரைக் கொக்கியில் மாட்டி விசையை இழுத்தான். பழுதான லாரிகளைத் தூக்குகிற கொக்கி அது. அதில் ஒரு வீல்சேர் அந்தரத்தில் ஆடிக்கொண்டே பின்தட்டுக்குப் போவதை ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

“என்னையும் அதுலயே மாட்டித் தூக்கியிருக்கலாமே,” என்றாள் அக்கா.

“நீ இருக்கற எடைக்கு அது கொக்கிக்கு அவமானம்.”

மூன்று மாதத்தில் அக்கா பாதியாகியிருந்தாள். சலவை மருந்தில் வெந்து தடித்த விரல்கள் மட்டும் அப்படியே இருந்தன. நர்ஸ் ஆக்சிஜன் சிலிண்டரை அவள் கால்களுக்கு நடுவில் நிறுத்தி, குழாயை மூக்கில் சரிசெய்து, கீழே இறங்கி அவனிடம் மட்டும் சொன்னாள்.

“ஆறு மணிக்குள்ள கொண்டாந்து விட்டுடணும் அண்ணே. சிலிண்டர் அதுவரைக்கும்தான் தாங்கும்.”

டாக்டர் காலையில் வேறு மாதிரி சொல்லியிருந்தார். “இன்னைக்குக் கொஞ்சம் தெளிவா இருக்காங்க. எங்கயாவது கூட்டிட்டுப் போறதா இருந்தா இன்னைக்கே போயிட்டு வந்துடுங்க.” நாளையைப் பற்றி அவர் பேசவில்லை. அவனும் கேட்கவில்லை. இருபது வருஷமாக ரோட்டில் நொறுங்கிக் கிடக்கும் வண்டிகளைத் தூக்குகிறவன். எது ஒர்க்‌ஷாப்புக்குப் போகும், எது பழைய இரும்புக்குப் போகும் என்று பார்த்ததும் தெரியும்.

வண்டி நகர்ந்ததும் அக்கா மடியில் ஒரு வரைபடத்தை விரித்தாள். வெளியூர்க்காரர்களுக்குக் கொடுக்கும் ஊர் சுற்றிப் பார்க்கும் படம். எவனோ ஒரு மாலுமி சட்டைப் பையில் மறந்து விட்டது, சட்டையோடு வெந்நீரில் வெந்து, இஸ்திரியில் காய்ந்து, துணி மாதிரி ஆகியிருந்தது. துறைமுகச் சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவளுக்கு இப்படிக் கிடைத்தவை பத்துப் பதினைந்து இருக்கும். இதில் அந்த மாலுமி சில இடங்களைப் பேனாவால் வட்டமிட்டிருந்தான்.

“ஒரு நாள் கரையில எறங்கறவன் அஞ்சு எடம் பாத்திருக்கான். நான் இங்கயே கெடந்து அவன் சட்டையத் தொவைச்சிருக்கேன். இன்னைக்கு விடறதா இல்ல.”

“அஞ்சும் முடியாதுக்கா.”

“எது விட்டுப்போனாலும் போகட்டும். நாலே காலுக்குப் பாலம் தெறக்கும்போது முதல் வண்டி நம்ம வண்டியா இருக்கணும். அது மட்டும் தப்பிச்சுன்னா ஒன்னைச் சும்மா விடமாட்டேன்.”

அது அவனுக்குத் தெரிந்த கதைதான். நாலு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து சலவைக்கூடத்து வேன் பெண்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும். துணி ஏற்றுகிற வேன், ஜன்னல் கிடையாது. மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வருவார்கள். பாலத்துக்கு வரும்போது சரியாக மணி அடிக்கும். கப்பல் போய் முடியும்வரை இருபது நிமிஷம் இருட்டுக்குள் வேர்த்து வழிந்துகொண்டு கிடக்க வேண்டும். உலகமெல்லாம் வந்து படம் எடுத்துப் போகிற தூக்குப் பாலத்தை அக்கா முப்பத்தொரு வருஷம் காதால் மட்டும் கேட்டிருக்கிறாள். லீவு நாளில் போய்ப் பார்த்திருக்கலாம். தினமும் வீட்டுக்குப் போகவிடாமல் மறிக்கிற சனியனை லீவு நாளிலும் யார் போய்ப் பார்ப்பார்கள்?

முதலில் கலங்கரை விளக்கம். அங்கே ‘வண்டி நிறுத்தக் கூடாது’ என்ற பலகைக்குக் கீழேயே இரண்டு வரிசையாகக் கார்கள் நின்றன. இவனுடைய மஞ்சள் வண்டி முனையில் திரும்பியதுதான் தாமதம், டீக்கடையிலிருந்தும் டிக்கெட் வரிசையிலிருந்தும் ஆட்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் குழந்தையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினார். இன்னொருவர் பாதி டீயோடு காருக்குள் பாய்ந்தார். ஒரு நிமிஷத்தில் வாசல் காலி.

“என்னடா, ராஜா வந்த மாதிரி வழி விடறாங்க.”

“கொக்கின்னா சும்மாவா.”

கொக்கி என்பது ஊர் அவனுக்கு வைத்த பெயர். யாரும் அதைப் பாசமாகச் சொன்னதில்லை.

ஒருவர் மட்டும் கேபினுக்குக் கீழே நின்று கெஞ்சினார். “சார், அஞ்சு நிமிஷம் சார், ஃபேமிலி மேல ஏறியிருக்கு, தூக்கிடாதீங்க சார்.”

அக்கா ஜன்னலில் தலையை நீட்டினாள். “பயப்படாத தம்பி, நாங்களும் சுத்திப் பாக்கத்தான் வந்திருக்கோம்.”

அவர் மூக்கில் குழாயோடு இருந்த அக்காவையும் கொக்கியையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பவில்லை. ஃபேமிலியை மேலேயே விட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனார். அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்பதற்குள் மறுபடி சிரித்தாள்.

இருநூற்றுப் பன்னிரண்டு படி. லிஃப்ட் கிடையாது. வீல்சேரில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, “நீ ஏறு. என்ன தெரியுதோ வந்து சொல்லு,” என்றாள்.

மூட்டு வலியோடு ஏறினான். மேலே காற்று சட்டையைப் பிய்த்தது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன், இங்கே ஏறியதில்லை. அவனுக்கு இந்த ஊர் என்றால் வளைவுகள்: தண்ணி லாரி கவிழ்ந்த வளைவு, பஸ் சுவரில் மோதிய வளைவு. மேலேயிருந்து பார்க்க எல்லாம் கழுவி வைத்த மாதிரி இருந்தது. கீழே மஞ்சள் தீப்பெட்டி ஒன்று, பக்கத்தில் ஒரு புள்ளி. புள்ளி கையை ஆட்டியது. இரண்டு கையையும் தூக்கி இவனும் ஆட்டினான். பக்கத்திலிருந்த வெளியூர்க்காரர்கள் எதற்கென்று தெரியாமல் அவர்களும் ஆட்டினார்கள்.

“என்ன பாத்த?”

“கடல் ரொம்பப் பெருசா இருக்கு.”

“அது தெரியவா இருநூறு படி ஏறுன?”

“நம்ம வீட்டு மொட்டைமாடி தெரிஞ்சுது. நீ காயப்போட்ட நீலப் போர்வை இன்னும் கொடியில கெடக்கு. மூணு மாசமா காயுது.”

அக்கா அண்ணாந்து உச்சியை ஒரு தடவை பார்த்தாள்.

“பொய்தானே?”

“பாதி.”

துறைமுகத்தைச் சுற்றிக் காட்டும் படகில் அறுபது பேர் இருந்தார்கள். மைக் பிடித்த பையன் மூச்சு விடாமல் பேசினான். வலது பக்கம் தெரியும் சிவப்புக் கப்பல் இருநூற்றைம்பது மீட்டர் நீளம் என்றான்.

“அந்தக் கப்பல் சமையக்காரன் மேசைத்துணியிலதான் மூக்கு சிந்துவான்,” என்றாள் அக்கா, யாரிடமும் இல்லாமல்.

முன்வரிசையில் இருந்த பெண் திரும்பினாள். “உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?”

“தொவைச்சவளுக்குத் தெரியாதா?”

அடுத்தது வெள்ளைப் பயணிகள் கப்பல். மைக் பையன் அதன் நீச்சல் குளத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். யாரும் கேட்கவில்லை. எல்லாத் தலையும் வீல்சேர் பக்கம் திரும்பியிருந்தது.

“ஆயிரத்து இருநூறு ஷீட்டு. முந்நூறுல காப்பி கொட்டியிருக்கும். பணக்காரங்களுக்குப் படுத்துக்கிட்டுக் குடிச்சாத்தான் எறங்கும் போல.”

படகே சிரித்தது. பையன் சளைத்துப்போய் மைக்கை அவளிடமே கொடுத்தான். அக்கா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒரு வாக்கியம், ஒரு மூச்சு. ஒவ்வொரு கப்பலாகத் தோலை உரித்தாள். எவன் செருப்போடு படுக்கிறான், எந்தக் கப்பலில் மூட்டைப்பூச்சி, எந்தக் கேப்டன் தன் சட்டைக்குத் தானே பித்தான் தைக்கிறான். அவள் இவ்வளவு பேசி அவன் கேட்டதேயில்லை. வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டுவிட்டுச் சுருண்டு படுப்பவள்தான்.

கடைசியாக ஒரு சாம்பல் நிறக் கப்பலைக் காட்டினாள்.

“அதுல ஒருத்தரோட தலையணை உறை மட்டும் உப்புப் பூத்து வரும். ரெண்டு வருஷம் வந்துச்சு. அப்பறம் நின்னுபோச்சு.”

“கடல் தண்ணியா இருக்கும்மா,” என்றார் ஒருவர்.

“கடல் உப்பு வேற மாதிரி படியும்.”

யாரும் சிரிக்கவில்லை. அக்கா மைக்கைத் திருப்பிக் கொடுத்ததும் கைதட்டினார்கள். அக்கா வெட்கப்பட்டாள். அவன் அவள் உதட்டைப் பார்த்தான். நீலம் பாரித்திருந்தது.

கேபினில் ஏற்றியபோது மணி மூன்றரை. சிலிண்டர் முள் கால்வாசிக்குக் கீழே இறங்கியிருந்தது. படகில் மூச்சுக்குத் திணறியபோது இவன்தான் சிலிண்டர் திருகைக் கூட்டி வைத்தான்.

“ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்க்கா.”

“நாலே கால்.”

“அக்கா…”

“எத்தனையோ பேரோட வண்டிய அவனுங்களக் கேக்காம தூக்கிட்டுப் போயிருக்க. என்னை அப்படித் தூக்கிட்டுப் போயிடலாம்னு மட்டும் நெனைக்காத.”

நாற்சந்தியில் இடது பக்கம் ஆஸ்பத்திரி. பச்சை விழுந்தும் அவன் இரண்டு நொடி நகரவில்லை. அக்கா அவனைப் பார்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது பக்கம் ஒடித்தான்.

பாலத்து ரோட்டில் நாற்பது ஐம்பது வண்டி முன்னால் நின்றது. நாலு அடித்து ஆறு நிமிஷம். வேலை இல்லாமல் சுழல்விளக்கைப் போடக் கூடாது. போட்டால் லைசென்சுக்கே வேட்டு. இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட அப்படிப் போட்டதில்லை. போட்டான். முன்னால் விபத்து போல என்று வண்டிகள் ஒவ்வொன்றாக ஓரம் கட்டின. அக்கா இருக்கையின் நுனிக்கு வந்து, கண்ணாடியில் கை ஊன்றி, “போடா, போடா, அந்த பஸ்ஸுக்கு எடது பக்கம் சந்து இருக்கு பாரு,” என்று ஓட்டிக்கொண்டிருந்தாள்.

முதல் வண்டியாகப் போய் நின்றார்கள். பாலக்காரர் கூண்டிலிருந்து இறங்கி வந்தார்.

“எந்த வண்டி மாட்டியிருக்கு? எனக்குத் தகவலே இல்லையே.”

“ஒண்ணும் மாட்டலண்ணே. எங்க அக்கா பாலம் பாக்கணும்னாங்க.”

அவர் திட்டுவதற்கு வாயெடுத்துக் கேபினை அண்ணாந்து பார்த்தார். அக்கா, “வருஷக்கணக்கா உங்க மணியத்தான் கேட்டுட்டிருக்கேன்,” என்றாள். அவர் குழாயைப் பார்த்தார்.

“இன்னும் ரெண்டடி முன்னால எடு,” என்று அவனிடம் சொல்லிவிட்டுக் கூண்டுக்கு ஏறினார்.

மணி அடித்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

“என்னக்கா?”

“பேசாத. இப்பக் கட்டை விழும்.”

குறுக்குக் கட்டை இறங்கி இரும்புத் தாங்கியில் மோதியது.

“பூட்டு கழலும்.” கீழே எங்கோ கனமான ஒன்று விலகியது. “பல்சக்கரம்.” ரோட்டுக்கு அடியில் உறுமல் எழுந்து கேபின் கண்ணாடி அதிர்ந்தது. “இப்ப ஒண்ணுமே கேக்காது. இங்கதான் என்ன நடக்குதுன்னு தெரியாது. எவ்வளவோ யோசிச்சிருக்கேன்.”

உறுமல் நின்றது. அக்கா கண்ணைத் திறந்தாள்.

ரோடு அவள் முகத்துக்கு நேரே செங்குத்தாக நின்றது. தாரும், நடுவில் போட்ட வெள்ளைக் கோடும், விளக்குக் கம்பங்களும் அப்படியே வானத்தில் ஏறிப் போயிருந்தன. மேலிருந்து மணலும் கூழாங்கல்லும் சரசரவென்று சரிந்து வந்தன. ஒரு பிளாஸ்டிக் பாட்டில் குதித்து உருண்டது. பின்னால் ஒற்றைச் செருப்பு.

“அடேய்,” என்றாள். “ரோடு எந்திரிச்சு நிக்குதுடா.”

கப்பல் கூவியது. திறந்த இடைவெளியில் முதலில் ஒரு துருப்பிடித்த மூக்கு, பிறகு ஒரு கறுப்புச் சுவர். தொட்டுவிடலாம் போலப் பக்கத்தில், மெதுவாக, முடிவே இல்லாமல் போனது. வட்ட ஜன்னல் ஒன்றில் ஒரு மாலுமி முகத்தில் சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்தான். அக்கா கையைத் தூக்கி ஆட்டினாள். அவன் சவரக்கத்தியை ஆட்டினான்.

“இந்தக் கப்பல எனக்குத் தெரியாது,” என்றாள் அக்கா. குரல் சின்னப் பிள்ளை குரலாகியிருந்தது. “புதுசுடா. இது புதுசு.”

“நல்லவேளை. இல்லேன்னா அந்த ஆள் சோப்ப எதுல தொடைக்கறான்னு ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்.”

கப்பலின் நடுப்பகுதி போனது. கொடிக்கம்பமும் புகைபோக்கியும் போயின. அவனும் இதை இப்படிப் பார்த்ததில்லை, வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

“இனிமே பாலத்தத் திட்டுவியாக்கா?”

அக்கா எந்தப் பேச்சையும் பதில் சொல்லாமல் விடுகிறவள் இல்லை. அவன் உடனே திரும்பவில்லை. கப்பலின் பின்பக்கம் முழுசாகக் கடந்து, அது கலக்கிவிட்ட தண்ணீர் தூணில் மோதித் திரும்பும்வரை முன்னாலேயே பார்த்தான். பிறகு திரும்பினான்.

அவள் கண்கள் அந்த இடைவெளியைப் பார்த்தபடி இருந்தன. கை மடியில் கிடந்தது. குழாயில் காற்று மட்டும் சீறிக்கொண்டிருந்தது. மூக்கில் குழாயைச் சரியாக வைத்துப் பார்த்தான். காத்திருந்தான். அவள் இமைகளை மூடிவிட்டு, குனிந்து சிலிண்டர் திருகை மூடினான்.

ரோடு இறங்கிப் படுத்தது. பூட்டு விழுந்தது. துடைப்பத்தோடு ஒரு அம்மாள் வந்து, சரிந்து கிடந்த மணலையும் பாட்டிலையும் செருப்பையும் ஓரமாகப் பெருக்கினாள். பின்னால் ஹாரன்கள் தொடங்கிவிட்டன. அந்த அம்மாள் அவசரப்படவில்லை. கேபினில் தூங்கிவிட்டவள் போலிருந்தவளை ஒரு முறை பார்த்துவிட்டு, துடைப்பத்தைத் தட்டாமல் தூக்கிக்கொண்டு ஒதுங்கினாள்.

கட்டை மேலே போனது. அவன் முதல் கியரில் போட்டான். ரோட்டின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் ஒரு கையகலத்துக்கு இரும்புப் பல் நீட்டிக்கொண்டிருந்தது. அங்கே வந்ததும் இடது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து அக்காவின் நெற்றியில் வைத்து, தலையை இருக்கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரமும் ஏறி இறங்கும்வரை கையை எடுக்கவில்லை.