படிகாரத்தைக் கூட்டு

மூன்று நாள் மழையில் ஆற்றுத் தண்ணீர் சேற்றுக் குழம்பாக வந்துகொண்டிருந்தது. சுத்திகரிப்பு நிலையத்தில் தண்ணீரைப் பரிசோதிப்பவளுக்கு நாத்தனாரிடமிருந்து காலையிலேயே மூன்றாவது போன்.

"அண்ணி, குழாயைத் திறந்தா சேறு வருது. அங்க உக்காந்து என்னதான் பண்றீங்க?"

என்ன சொல்வாள்? மேலாளர் நேற்றிலிருந்து ஒரே பாட்டைத்தான் பாடுகிறார். "கலங்கலா இருக்கா? படிகாரத்தைக் கூட்டு."

"கூட்டினதாலதான் சார் இந்தக் கதி. பேர்லதான் காரம் இருக்கு, அது குணத்துல அமிலம். இந்த மழைத்தண்ணி அதைத் தாங்காது. புளிச்சுப்போனா அழுக்கு திரளவே திரளாது. கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்கணும்."

"இருபது வருஷமா போடறேன். எனக்கே பாடமா?"

அதற்குள் கிடங்கிலிருந்து அலறல். ஈரத் தரையில் கிடந்து பாறையாக இறுகியிருந்த படிகார மூட்டையைக் கடப்பாரையால் உடைத்த மூட்டை தூக்குபவரின் கண்ணில் தூள் தெறித்துவிட்டது. அவரைக் குழாயடிக்கு இழுத்துப்போய், இமையை விரித்துப் பிடித்து, கால் மணி நேரம் தண்ணீர் விட்டாள்.

"கண்ணுக்குப் போடற பாதுகாப்புக் கண்ணாடி எங்கண்ணே?"

"சார் பீரோல வச்சுப் பூட்டியிருக்காரும்மா. கீறல் விழுந்துடுமாம்."

அவளுக்கு ரத்தம் கொதித்தது. நேரே போய்க் கையை நீட்டினாள். மேலாளர் சாவியைக் கொடுத்தார்.

மூட்டை தூக்குபவரை மருத்துவரிடம் அனுப்பிவிட்டு இரண்டு குடுவைகளில் ஆற்றுத் தண்ணீரை எடுத்தாள். ஒன்றில் படிகாரம் மட்டும், இரட்டை அளவு. மற்றதில் பாதிப் படிகாரம், கூடக் கொஞ்சம் சுண்ணாம்பு. அரை மணியில் இரண்டாவதில் அழுக்கு நனைந்த பஞ்சுபோலத் திரண்டு அடியில் உட்கார்ந்தது. முதலாவது கழுநீராகவே நின்றது.

மேலாளர் குனிந்து பார்த்தார். "குடுவையில சரி. தொட்டியில வருமா?"

இனி இவரிடம் பேசிப் பயனில்லை. கண்ணாடி, கையுறை, முகமூடி மாட்டிக்கொண்டு படிகாரத்தைப் பாதியாகக் குறைத்தாள். சுண்ணாம்பைத் தானே கரைத்து விட்டாள். மாலைக்குள் தொட்டியின் அடித்தளம் தெரிந்தது.

மறுநாள் மேசையில் மேலாளரின் கடிதம்: அனுமதியின்றிச் சுண்ணாம்பு சேர்த்ததற்கு விளக்கம் தேவை. தலைமை அலுவலகத்துக்கு அவர் அனுப்பிய அறிக்கையிலோ, படிகாரத்தைக் கூட்டியதால் நீர் தெளிந்ததாம்!

அவள் பேனாவைத் திறந்தாள். 'ஆமாம், சேர்த்தேன். தேவைப்பட்டால் இன்னும் சேர்ப்பேன்' என்று எழுதி, இரண்டு குடுவைகளின் அளவுகளையும் இணைத்து, ஒரு நகலைத் தலைமை அலுவலகத்துக்கே அனுப்பினாள்.