கடைசிப் பதிவே செல்லும்

விமலனோடு புரோகிராம் எழுதிய கௌசலா அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். செக்யூரிட்டி கம்பெனியின் பிரிக்பீல்ட்ஸ் ஆபீசில் விருந்தாளிகளின் கார் நம்பர் டேட்டாபேஸ் ஒன்று, கிள்ளான் கொண்டோ அடுக்குமாடிக் கேட்டில் இன்னொன்று. இரண்டும் எப்போதும் ஒன்றாக இருக்க வேண்டும். "உள்ள விடக்கூடாதவங்க தடைப் பட்டியல் மட்டும் ஒருவழியாப் போகட்டும் விமலன். இங்கேருந்து அங்கே. கேட் காவலாளி கை அதுல படவே கூடாது."

விமலனுக்கு எங்கே பொறுமை? ஒருவழி என்றால் இன்னும் இரண்டு வாரம் வேலை இழுக்கும். "ரெண்டு பக்கமிருந்தும் மாத்தலாம், கடைசியாப் பதிஞ்சது செல்லும். சிம்பிள் லா" என்று முடித்துவிட்டான். பெரிய மேதாவி!

அடுத்த மாசமே அவன் தங்கை மலரின் கையை அவள் புருஷன் குரு முறித்தான். விமலன் அவளை அதே கொண்டோவில் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிவந்தான். கோர்ட்டில் தடை உத்தரவு கிடைத்த மறுநாள் காலை ஏழரைக்கு, ஆபீசில் உட்கார்ந்து குருவின் கார் நம்பருக்குத் தடை போட்டான்.

கேட் காவலாளி அய்யாவு என்பவருக்கு ஒரு பழக்கம். எட்டு மணிக்கு வேலை ஏறியதும், வழக்கமாக வரும் விருந்தாளிகள் எல்லாருக்கும் ஒரே அமுக்கில் அனுமதி கொடுத்துவிடுவார். கார் வரிசை நின்றால் ஹார்ன் அடித்தே உயிரை வாங்குவார்களே! ஞாயிறுதோறும் மச்சான் வீட்டுக்கு வந்துபோன குருவும் அந்தப் பட்டியலில் இருந்தான். கடைசியாக விழுந்த எட்டு மணி அனுமதி, ஏழரைக்குப் போட்ட தடையை விழுங்கிவிட்டது.

ஒன்பதரைக்கு விமலன் திரையைப் பார்த்தான். குரு பெயருக்கு நேரே 'அனுமதி'. கேட்டுக்குப் போன் போட்டான்.

"இப்பதான் உள்ள போனாரு பாஸ்."

மலருக்குப் போன் அடித்தான். "அண்ணே, கதவ வெட்டுறான்!" பலகை பிளக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அவள் அலறினாள்.

அவன் கிள்ளான் போய்ச் சேர்ந்தபோது, அக்கம்பக்கத்தார் குருவைக் கயிற்றில் கட்டிப்போட்டிருந்தார்கள். பக்கத்தில் பாராங் கத்தி கிடந்தது. லிஃப்ட் வரை ரத்தம். விமலன் குருவின் வயிற்றிலேயே மிதித்தான். நாலு பேர் இழுத்தும் விடவில்லை. வெறி அடங்காமல் கீழே ஓடி அய்யாவு மூக்கில் ஒரு குத்து விட்டான்.

"பட்டன அமுக்குறப்ப தடைன்னு காட்டியிருந்தா நான் தொட்டிருப்பேனா பாஸ்?" சட்டையெல்லாம் ரத்தமாக அந்த மனுஷன் அழுதார்.

மலருக்கு மூன்று விரல் போய்விட்டது. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் கண் திறந்தாள். மூக்கில் பஞ்சோடு அய்யாவும் வாசலில் நின்றிருந்தார்.

"யாருண்ணே அவன உள்ள விட்டது?"

அய்யாவு தலையைக் குனிந்துகொண்டார். விமலன் கட்டிலருகே போனான்.

"நான்தாம்மா."

மலர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.